கிராத்தேர்: கிரேக்கத்திலிருந்து வந்த ஓர் இலத்தீன் பெயர்ச்சொல்லை இனங்கண்டு பொருள்கொள்ளும் முறை

இலத்தீனைத் தாமாகவே கற்பவர்கள் இலக்கணப் பாடங்களை முடித்துவிட்டு மூல நூல்களுக்குள் நுழையும்போது, முதலில் காலைத் தடுக்குவது பெரும்பாலும் கிரேக்கக் கடன்சொற்கள்தாம். பாடநூலில் மனப்பாடம் செய்த வாய்பாடு ஒன்றாக இருக்கும். கவிதையில் நிற்கும் வடிவம் வேறாக இருக்கும். இந்தச் சிக்கலை ஒரே சொல்லில் முழுமையாகக் கண்டு தெளிய வேண்டுமென்றால் அதற்கு மிகப் பொருத்தமான சொல் 'கிராத்தேர்' என்பது என் கருத்து. எரிமலையின் வாய்க்கும் நிலவின் பள்ளங்களுக்கும் இன்று பல மொழிகளில் வழங்கும் பெயர் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். இதை எவ்வாறு உச்சரிப்பது, எவ்வாறு வேற்றுமைப்படுத்துவது, ஓரிடத்தில் வரும்போது அது எந்த வடிவம், எந்தப் பொருள் என்று எவ்வாறு முடிவுசெய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு விளக்கம். தமிழ் மரபுப்படி 'கிராத்தேர்' என்று எழுதினாலும் முதலில் நிற்கும் இகரம் நாமாகச் சேர்த்துக்கொண்ட துணையொலியே. மூலத்தில் ககரமெய்யும் ரகரமும் ஒட்டியே ஒலிக்கும். 'த்தே' என்னும் இரட்டிப்பும் தகரம் மென்மையாகிவிடாதபடி காப்பதற்காகவே. இலத்தீனில் அங்கே ஒரே மெய்தான் உண்டு. ஆகவே சொல்லில் இரண்டே அசைகள், இரண்டும் நெடில்: 'கிரா', 'தேர்'. இந்த நெடிலை மனத்தில் இருத்திக்கொள்வது மிகவும் தேவை. அச்சிட்ட இலத்தீன் நூல்கள் பெரும்பாலும் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழ் எழுத்தோ அகரம், எகரம், ஒகரம் அனைத்திலும் அதைக் காட்டியே தீரும். எனவே இந்தச் சொல்லின் வடிவங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதே நல்லது என்பேன். குழப்பம் முழுவதும் குறிலுக்கும் நெடிலுக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கிறது.

சொல்லின் பிறப்பு எளிதாகப் புரியக்கூடியது. கிரேக்கத்தில் 'கலத்தல்' என்னும் பொருளுடைய 'கெரன்னூமி' என்ற வினையோடு, செய்பவனையோ செய்யும் கருவியையோ குறிக்கும் 'தேர்' என்னும் விகுதி சேர்ந்து உருவானது இது, நேர்ப்பொருள் 'கலக்கி'. பண்டைக் கிரேக்கர்கள் திராட்சை மதுவை நீர் கலக்காமல் குடிப்பதை நாகரிகமாகக் கருதவில்லை. விருந்துக்கூடத்தின் நடுவில் அகன்ற வாயுடைய ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து, அதில் மதுவையும் நீரையும் கலந்து, அகப்பையால் முகந்து, அவரவர் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். அந்த நடுப்பாத்திரமே கிராத்தேர். இன்றைய கிரேக்கத்தில் மதுவுக்கு வழங்கும் 'கிராசி' என்னும் பெயரும் 'கலப்பு' என்ற பழஞ்சொல்லிலிருந்தே வந்தது; நீர் கலந்த மதுதான் மது என்றிருந்த காலத்தின் தடம் அது.

ஆகவே இதைக் 'கோப்பை' என்று மொழிபெயர்ப்பது தவறு. இந்தத் தவறு அகராதிகளிலும்கூட நுழைந்திருக்கிறது. பிரான்சில் விக்ஸ் என்னும் இடத்தில் 1953இல் ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட வெண்கலக் கிராத்தேர் 1.64 மீட்டர் உயரமும் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் உடையது. ஏறத்தாழ 1,100 லிட்டர் கொள்ளும். அதைக் கையில் ஏந்திக் குடித்தார்கள் என்று எவரும் எழுதமாட்டார்கள். 'கலக்கும் கலம்' அல்லது 'கலவைக் கொப்பரை' என்பதே பொருந்தும்.

இனி வடிவங்கள். இந்தச் சொல் இலத்தீனுக்குள் ஒருமுறையன்று, இருமுறை நுழைந்தது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வடசொற்கள் தமிழில் சில தற்சமமாகவும் சில தற்பவமாகவும் வழங்குவதை நாம் அறிவோம். அதுபோல இந்தக் கிரேக்கச் சொல் ஒரு வடிவில் தன் கிரேக்க உடையைக் கலையாமல் ஆண்பாலாக நிற்கிறது. மற்றொரு வடிவில் முழுக்க முழுக்க இலத்தீன் பெண்பாற் சொல்லாக மாறிவிட்டது. பாத்திரம் நமக்கு அஃறிணை. இலத்தீனிலோ அதற்கும் பால் உண்டு, அந்தப் பால்தான் பின்னர் நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

ஆண்பால் வடிவம் மூன்றாம் வாய்பாட்டைச் சேர்ந்தது (வாய்பாடு என்பது பெயர்கள் வேற்றுமை ஏற்கும் வகை). எழுவாய் கிராத்தேர், 'உடைய' என்னும் பொருளில் கிராத்தேரிஸ், 'கு' என்னும் கொடைப் பொருளில் கிராத்தேரீ, நம் மூன்றாம், ஐந்தாம் வேற்றுமைகளின் வேலையையும், முன்னிடைச் சொற்களோடு சேர்ந்து ஏழாம் வேற்றுமையின் வேலையையும் செய்யும் நீங்கல் வடிவம் கிராத்தேரெ. 'ஐ' உருபுக்குரிய செயப்படுபொருளில் மட்டும் இரண்டு வடிவங்கள் உண்டு: இலத்தீன் விகுதி சேர்ந்த கிராத்தேரெம் ஒன்று, கிரேக்க விகுதியை அப்படியே வைத்துக்கொண்ட கிராத்தேர என்னும் குறில் ஈற்று வடிவம் மற்றொன்று. பன்மையில் எழுவாய் கிராத்தேரேஸ். உடைமைப் பொருளில் கிராத்தேரும் (இது நம் எண்ணும்மை அன்று). கொடைக்கும் நீங்கலுக்கும் கிராத்தேரிபுஸ். செயப்படுபொருளில் மீண்டும் இரண்டு: இலத்தீன் முறையில் கிராத்தேரேஸ், கிரேக்க முறையில் குறிலோடு கிராத்தேரஸ். விளி எழுவாயைப் போன்றதே.

இங்கே ஓர் எச்சரிக்கை. தந்தையைக் குறிக்கும் 'பத்தெர்' என்னும் இலத்தீன் சொல் 'பத்ரிஸ்' என்று எகரத்தை இழப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இதையும் அவ்வாறே சுருக்கிவிடுவார்கள். கூடாது. கிராத்தேரில் உள்ள ஏகாரம் எல்லா வேற்றுமைகளிலும் நெடிலாகவே நிற்கும். அதனால் உச்சரிப்பின் அழுத்தமும் இடம்பெயரும்: எழுவாயில் 'கிரா'வின் மேல் விழும் அழுத்தம், கிராத்தேரிஸ், கிராத்தேரெம், கிராத்தேரிபுஸ் முதலியவற்றில் 'தே'யின் மேல் விழும்.

பெண்பால் வடிவம் முதல் வாய்பாட்டுக்குரியது. கிரேக்கச் செயப்படுபொருள் வடிவமான கிராத்தேர, அகரத்தில் முடிவதால், அதையே எழுவாய் என்று கொண்டு, இலத்தீனில் அகர ஈற்றுப் பெண்பாற் சொற்களோடு சேர்த்துவிட்டார்கள். பேச்சின் வழியே வந்த கடன்களில் இது அடிக்கடி நடந்திருக்கிறது. விளக்கைக் குறிக்கும் லம்பஸ் என்னும் சொல் லம்பத என்றும், நிறைகோலுக்கு வழங்கும் சொல் ஸ்தத்தேர என்றும் இதே வழியில் உருமாறின. மருத்துவத்தில் நஞ்சுக்கொடிக்கு வழங்கும் 'பிளசன்டா' என்னும் பெயர்கூட, தட்டையான பணியாரத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லின் செயப்படுபொருள் வடிவம் இலத்தீனில் எழுவாயாக மாறியதுதான்.

பெண்பாலில் ஒருமை எழுவாய் கிராத்தேர, செயப்படுபொருள் கிராத்தேரம், நீங்கல் வடிவம் நெடிலோடு கிராத்தேரா. உடைமைக்கும் கொடைக்கும் பன்மை எழுவாய்க்கும் கிராத்தேரை என்னும் ஒரே வடிவம். தமிழ்க் கண்ணுக்கு இது இரண்டாம் வேற்றுமை போலத் தோன்றும்; அந்த ஐகாரத்தை நம் உருபென்று எண்ணி ஏமாறாதவர்கள் குறைவு. பன்மையில் உடைமைக்குக் கிராத்தேராரும், கொடைக்கும் நீங்கலுக்கும் கிராத்தேரீஸ், செயப்படுபொருளுக்கு நெடிலோடு கிராத்தேராஸ்.

இரண்டு வரிசைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ரோமன் எழுத்தில் குறில் நெடில் தெரியாததால், 'கிராத்தேர' என்று படிக்கத்தக்க ஒரே எழுத்துக்கோவை மூன்று வடிவங்களுக்குப் பொதுவாகிறது: பெண்பால் எழுவாய், பெண்பால் நீங்கல், ஆண்பால் செயப்படுபொருள். அதைப்போலவே பன்மைச் செயப்படுபொருளில் ஆண்பாலுக்குரிய கிராத்தேரஸும் பெண்பாலுக்குரிய கிராத்தேராஸும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். இங்கே முடிவுசெய்ய இரண்டு கருவிகள் உண்டு: அருகில் நிற்கும் அடைமொழி, செய்யுளாயின் யாப்பு. அடைமொழியையே முதலில் தேடுங்கள். அது உரைநடையிலும் செய்யுளிலும் ஒருங்கே உதவும்.

வர்ஜிலின் ஈனியட் காப்பியத்தில், முதற் காண்டத்தின் 724ஆம் அடியில், அரசி டைடோவின் விருந்தில் பணியாளர்கள் 'கிராத்தேரஸ் மக்னோஸ்' கொணர்ந்து வைக்கிறார்கள். 'பெரிய கலங்களை' என்பது பொருள். இதை முதன்முதலில் படித்தபோது அடைமொழி 'மக்னாஸ்' என்று இருந்திருக்க வேண்டும், அச்சுப்பிழை நேர்ந்துவிட்டது என்றே நினைத்து, ஓரத்தில் பென்சிலால் திருத்தியும் வைத்தேன். பிழை என்னுடையது. 'ஓஸ்' என்பது ஆண்பால் பன்மை விகுதி. ஆகவே அருகிலிருக்கும் பெயர் ஆண்பாலே, அதன் 'அஸ்' கிரேக்க விகுதியே. யாப்பு இங்கே உதவாது என்பதையும் கவனிக்க வேண்டும். 'ரஸ்' என்னும் அசையின் இறுதி மெய்யை அடுத்து மகரம் வருவதால், உயிர் குறிலாக இருந்தாலும் நெடிலாக இருந்தாலும் அந்த அசை நீண்டதாகவே எண்ணப்படும்.

இதற்கு நேரெதிர் சான்று சிசரோவின் உரைநடையில் இருக்கிறது. சிசிலியை ஆண்டு கொள்ளையடித்த வெர்ரெஸ் என்பவனுக்கு எதிராகக் கி.மு. 70இல் எழுதிய வாதங்களில், சிராக்கூஸ் நகரக் கோயில்களிலிருந்து அவன் அள்ளிச்சென்றவற்றை அடுக்கும்போது, மிக அழகிய வெண்கலக் கலங்களை 'கிராத்தேராஸ் புல்கெர்ரிமாஸ்' என்று குறிப்பிடுகிறார். அச்சில் பெயர்ச்சொல் வர்ஜிலில் இருப்பதைப் போலவேதான் இருக்கும். ஆனால் அடைமொழியின் 'மாஸ்' அது பெண்பாற் சொல் என்று காட்டிக்கொடுக்கிறது. எழுத்து ஒன்று, சொல் இரண்டு.

யாப்பு கைகொடுக்கும் இடத்தையும் பார்க்கலாம். ஈனியட் மூன்றாம் காண்டத்தின் 525ஆம் அடியில், தந்தை அங்கீசஸ் ஒரு பெரிய கலத்துக்கு மாலை சூட்டுகிறார். அடியின் இறுதி 'மக்னும் கிராத்தேர கொரோனா' என்று முடிகிறது. (கொரோனா என்றால் மாலை, முடி, நோயின் பெயராகவே இன்று அதை அறிந்தவர்கள் சற்று ஆறுதல் அடையலாம்.) இந்த யாப்பில் அடிக்கு ஆறு சீர்கள், ஐந்தாம் சீர் பெரும்பாலும் ஒரு நெடிய அசையும் இரண்டு குறிய அசைகளும் கொண்டது. இங்கே 'தே-ர-கொ' என்பது ஐந்தாம் சீர், 'ரோ-னா' ஆறாம் சீர். ஆகவே 'ர' குறிலாகத்தான் இருக்க முடியும்; நெடில் ஈற்று நீங்கல் வடிவம் இங்கே அமராது. 'மக்னும்' என்னும் அடைமொழியும் ஆண்பால் செயப்படுபொருள் என்று உறுதிசெய்கிறது. கவிஞர் ஏன் கிராத்தேரெம் என்னும் இலத்தீன் வடிவத்தை விட்டுவிட்டுக் கிரேக்க வடிவத்தை எடுத்தார் என்பதும் இங்கே தெரியும்: 'ரெம்' என்றால் மகரமெய்யும் அடுத்த ககரமும் சேர்ந்து அசையை நீட்டிவிடும், சீர் கெட்டுவிடும். கிரேக்க விகுதிகளைக் கவிஞர்கள் அழகுக்காக மட்டும் நாடினார்கள் என்று சொல்வதுண்டு. குறிய அசை கிடைக்கும் என்ற நடைமுறைத் தேவையும் அதில் உண்டு.

இரண்டு கருவிகளில் ஒன்று மழுங்கிப்போகும் இடமும் உண்டு. ஒன்பதாம் காண்டத்தின் 266ஆம் அடியில், நீசஸ் என்னும் வீரனுக்குத் தருவதாகச் சொல்லும் பரிசுகளில் டைடோ கொடுத்த பழைய கலம் ஒன்று 'கிராத்தேர அன்தீக்வும்' என்று வருகிறது. அடுத்த சொல் உயிரில் தொடங்குவதால் ஈற்று அகரம் புணர்ச்சியில் கெட்டு மறைகிறது; குறிலா நெடிலா என்று யாப்பைக் கேட்டுப் பயனில்லை. 'அன்தீக்வும்' என்னும் ஆண்பால் அடைமொழியும், அதைத் தொடர்ந்து வரும் 'க்வெம்' என்னும் ஆண்பால் இணைப்புச் சொல்லுமே விடை தருகின்றன. அதற்கு முந்தைய அடியில் உள்ள 'த்ரிபொதஸ் கெமினோஸ்', அதாவது 'இரண்டு முக்காலிகளை' என்னும் தொடரும் இதே இலக்கணத்தில் அமைந்தது. பயிற்சிக்கு அதைத் தாமே பிரித்துப் பார்க்கலாம்.

அடைமொழி வேண்டாமலே பால் தெரியும் இடங்களும் உண்டு. ஹொரேஸின் பாடல் ஒன்றில் மதுவின் கலத்தைக் காதல் தேவி வீனஸின் தோழி என்று சொல்லி, 'கிராத்தேரை' என்று கொடை வேற்றுமையில் நிறுத்துகிறார். ஐகார ஈறு பெண்பால் வரிசைக்கு மட்டுமே உரியது. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை. செய்யுளில் ஆண்பால், உரைநடையில் பெண்பால் என்று சில பாடநூல்கள் தரும் எளிய விதியை நம்பிவிடாதீர்கள் என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

வடிவம் தெளிந்தபின் பொருள். கலக்கும் கலம் என்ற மூலப்பொருளிலிருந்து சொல் எத்திசைகளில் விரிந்தது என்பதைக் காண, அதன் வடிவத்தைக் கண்முன் நிறுத்திக்கொண்டால் போதும்: அகன்ற வாய், குழிந்த வயிறு. கலக்கும் செயல் மெல்ல மறக்கப்பட்டு, வடிவம் மட்டும் எஞ்சியது. ஈனியட் ஆறாம் காண்டத்தில் ஈமச் சிதையின்மேல் எண்ணெய் நிறைந்த கிராத்தேர்கள் வைத்து எரிக்கப்படுகின்றன. அங்கே கலப்புக்கு வேலையில்லை, 'பெரிய கலம்' என்றாலே போதும். இளைய பிளினி தம் மாளிகையை வருணிக்கும் கடிதமொன்றில் ஊற்றுநீர் விழுந்து தேங்கும் தொட்டியைக் கிராத்தேர் என்கிறார். சுற்றிலும் சிறு குழாய்கள் இனிய சலசலப்பைக் கலக்கின்றன என்றும் தொடர்கிறார். நீரின் ஓசைக்கு அவர் ஆண்ட வினை 'கலத்தல்' என்பது தற்செயலா, சொல்லின் வேரை நினைத்துச் செய்த குறும்பா என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம்.

எரிமலை வாய் என்ற பொருளுக்கு லுக்ரீஷியஸ் சிறந்த சாட்சி. எட்னா மலை ஏன் தீக்கக்குகிறது என்று விளக்குமிடத்தில், மலையுச்சியில் இருப்பவற்றை 'அவர்கள் கிராத்தேர்கள் என்கிறார்கள், நாம் தொண்டைகள் என்றும் வாய்கள் என்றும் சொல்கிறோம்' என்று எழுதுகிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் இந்தப் பொருள் உரோமர் காதுக்கு இன்னும் அயல்மொழிச் சொல்லாகவே ஒலித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மொழிபெயர்க்கும்போது இங்கே மட்டும் சொல்லை அப்படியே 'கிராத்தேர்' என்று விட்டுவைக்க வேண்டும். 'எரிமலை வாய்' என்று மாற்றிவிட்டால் அடுத்து வரும் 'வாய்கள் என்கிறோம்' என்பது பொருளற்றதாகிவிடும்.

ஓவிட் இன்னும் ஒரு படி போகிறார். பாதாள வேந்தன் புரோசெர்பினாவைத் தூக்கிச் செல்லும் கதையில், அவன் கோலை எறிந்ததும் குளத்தின் அடி பிளந்து தேரை 'மெதியோ கிராத்தேரெ' ஏற்றுக்கொண்டது என்கிறார். நீங்கல் வேற்றுமை, ஆண்பால், 'பள்ளத்தின் நடுவில்' என்று பொருள். சிசரோவின் கடிதம் ஒன்றில் இதே சொல் நேப்பிள்ஸ் வளைகுடாவின் பெயராக வருகிறது. ஸ்திராபோ என்னும் புவியியலாளரும் அந்த வளைகுடாவுக்கு இந்தப் பெயர் உண்டென்று குறித்திருக்கிறார். அங்கே அது இடப்பெயர். 'கலம்' என்றோ 'பள்ளம்' என்றோ பெயர்த்தால் வாசகர் திகைப்பார்.

விண்மீன் கூட்டத்தின் பெயராகவும் இந்தச் சொல் நிலைத்துவிட்டது. கிராத்தேரில் நீர் கொண்டுவரச் சென்ற காகம் அத்திப்பழம் பழுக்கும்வரை மரத்தடியில் காத்திருந்து, பாம்பின்மேல் பழிபோட்டுத் திரும்பிவர, அப்போலோ அம்மூன்றையும் வானில் பதித்தான் என்னும் கதையை ஓவிட் சொல்கிறார். காகத்துக்கும் பாம்புக்கும் நடுவில் இருப்பது கிராத்தேர். இங்கேதான் ஆறாம் வேற்றுமை வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. விண்மீன்களுக்குக் கிரேக்க எழுத்தோடு கூட்டத்தின் பெயரை உடைமை வடிவில் சேர்த்துப் பெயரிடுவது வானியலாளர் பேயர் 1603இல் வகுத்த முறை. அதனால் இக்கூட்டத்தின் மிக ஒளிமிகுந்த மீன் 'டெல்டா கிராத்தேரிஸ்' எனப்படுகிறது. 'டெல்டா கிராத்தேர்' என்று எழுதுவது இலக்கணப் பிழை.

இந்த வாய்பாட்டைக் கற்றுக்கொண்டால் வேறு பல சொற்களும் உடன் வந்துவிடும். முத்திரைக்கும் அடையாளத்துக்கும் வழங்கிய கரக்தேர், கரக்தேரிஸ் என்றும் கரக்தேர என்றும் இதே போலத் திரியும். மருத்துவ இலத்தீனில் வழங்கும் சிறுநீர்க்குழாய், வடிகுழாய், சுருக்குத்தசை ஆகியவற்றின் பெயர்களும் இதே 'தேர்' விகுதி உடையவை. அவற்றின் உடைமை வடிவம் 'தேரிஸ்' என்றே முடியும், 'த்ரிஸ்' என்று சுருங்காது. ஆனால் காற்றைக் குறிக்கும் ஆஏர், வானவெளியைக் குறிக்கும் ஐத்தேர் என்னும் இரண்டும் பார்வைக்கு இவற்றைப் போலிருந்தாலும் இந்தக் கூட்டத்தில் சேரா. எழுவாயில் மட்டும்தான் அவற்றின் ஏகாரம் நெடில். பிற வேற்றுமைகளில் ஆஎரிஸ், ஐத்தெரிஸ் என்று குறிலாகிவிடும், அதனால் அழுத்தமும் இடம்பெயராமல் முதலசையிலேயே நிற்கும். செயப்படுபொருளில் ஆஎர, ஐத்தெர என்னும் கிரேக்க வடிவங்களே அவற்றுக்கு வழக்கமானவை.